ரைன் பாலத்தில் கண்டது: அண்டை நாடுகளின் ஒன்றியம் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அண்டை நாடுகள் தங்களுக்குள் வணிகம் செய்துகொண்டாலே போதும், அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ள முற்படுவது வீண் வேலை, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிச் சென்றதே அதற்குச் சாட்சி என்று தங்கள் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையொன்று அண்மையில் வாதிட்டிருந்தது. கட்டுரையாளர் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குகளை நன்கு அறிந்தவர் என்பது தெரிகிறது. ஆயினும் அவர் தோல்வி என்று எழுதும் அந்த ஒன்றியத்துக்குள்ளேயே முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை செய்து, வரி கட்டி, வாக்களித்து வாழ்ந்தவன் என்ற முறையில் அவருடைய முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. எனக்குத் தெரிந்தவற்றைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் காரைக்காலைச் சேர்ந்தவன். என் தந்தை பிரெஞ்சுப் படையில் இருந்தவர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் சொல்தா. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளை இந்தியாவிடம் சட்டப்படி ஒப்படைக்கும் உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, விரும்புவோர் ஆறு மாதங்களுக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று இருந்த விதியின்படி அவர் எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தின் பயனாக, 1981இல் நான் பிரான்சின் கிழக்கு எல்லையில், ரைன் ஆற்றங்கரையில் உள்ள ஸ்திராஸ்பூர் நகரில், அஞ்சல் பிரிக்கும் நிலையமொன்றில் இரவுப் பணிக்குச் சேர்ந்தேன். 2014இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினேன்.

ஸ்திராஸ்பூருக்கு எதிர்க்கரையில் ஜெர்மனியின் கேல் என்ற சிறு நகரம் இருக்கிறது. நான் போன புதிதில், அங்கே பொருள்கள் சற்று மலிவாகக் கிடைக்கும் என்பதால் சனிக்கிழமைகளில் பாலத்தைக் கடந்து போவோம். பாலத்தில் வரிசையில் நிற்க வேண்டும். கடவுச்சீட்டை நீட்ட வேண்டும். பிரெஞ்சுக் கடவுச்சீட்டும் கறுத்த முகமும் பொருந்தவில்லை என்பதுபோல் அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். திரும்பி வரும்போது பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். என் மனைவி வாங்கிய சலவைத்தூள் பொட்டலத்தையும் குழந்தைக்கு எடுத்த கம்பளிச் சட்டையையும் ஒருவர் மேசைமேல் எடுத்துவைத்து எண்ணியது இன்றும் கண்முன் நிற்கிறது. 1995 மார்ச் 26 அன்று, உறுப்பு நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கும் ஷெங்கன் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும் அந்தச் சாவடிகளில் ஆளில்லாமல் போயிற்று. 2017 ஏப்ரலில் ஸ்திராஸ்பூரின் டிராம் வண்டியே ஆற்றைத் தாண்டிக் கேல் வரை ஓடத் தொடங்கியது. என் மகள் இப்போது கேலில் குடியிருந்துகொண்டு ஸ்திராஸ்பூர் மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணிபுரிகிறாள். காரைக்காலிலிருந்து நாகூருக்குப் பேருந்து ஏறுவதுபோல அவள் நாள்தோறும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய்வருகிறாள்.

இந்த வசதி எந்த மண்ணின்மேல் எழுந்தது என்பதைத்தான் கட்டுரையாளர் கணக்கில் எடுக்கவில்லை. நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் 1912இல் பிறந்த மூதாட்டி ஒருவர் தனியாக வாழ்ந்தார். அந்த நகரத்தைவிட்டு அவர் எங்கும் குடிபெயர்ந்ததில்லை. ஆனாலும் ஜெர்மானியராகப் பிறந்து, முதல் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சுக்காரராகி, 1940இல் மீண்டும் ஜெர்மானிய ஆட்சிக்குள் சென்று, 1944இன் இறுதியில் நகரம் மீட்கப்பட்டபின் மறுபடி பிரெஞ்சுக்காரரானார். இருந்த இடத்திலிருந்தே நாடு மாறிய அந்தக் கதையைச் சொல்லும் தாள்கள் அவர் வீட்டு மேசை இழுப்பறையில் இரண்டு மொழிகளில் கிடந்தன. அவருடைய தம்பியை 1942இல் ஜெர்மானியப் படையில் வலுக்கட்டாயமாகச் சேர்த்து ருஷ்யப் போர்முனைக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வரவில்லை. ஸ்திராஸ்பூர் இருக்கும் அல்சாஸ், அதை அடுத்த மொசேல் ஆகிய பகுதிகளிலிருந்து இப்படி விருப்பத்துக்கு மாறாக அழைத்துச் செல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,30,000 பேர்.

ஸ்திராஸ்பூரின் குடியரசுச் சதுக்கத்தில் 1936இல் எழுப்பப்பட்ட போர் நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. தாய் ஒருத்தி உயிர்விடும் தன் இரு மகன்களைத் தாங்கியிருக்கிறாள். மகன்கள் ஆடையின்றி இருக்கிறார்கள், ஏனென்றால் சீருடை போட்டால் ஒருவன் பிரெஞ்சு வீரன், இன்னொருவன் ஜெர்மானிய வீரன் என்று காட்ட வேண்டியிருக்கும். பிரான்சின் பிற ஊர்களில் உள்ள நினைவுச் சின்னங்களில் பிரான்சுக்காக உயிர்நீத்தவர்கள் என்று பொறித்திருப்பார்கள். இதில் நம் இறந்தோருக்கு என்று மட்டுமே பொறித்திருக்கிறது. பணி முடிந்து விடியற்காலையில் அந்தச் சதுக்கத்தின் வழியாக வீட்டுக்கு நடந்த ஆண்டுகளில், இந்த இரு நாடுகளும் எதைப் பகிர்ந்துகொள்ள முன்வந்தன, ஏன் முன்வந்தன என்ற கேள்வி என்னை விட்டு அகன்றதில்லை.

விடை நிலக்கரியில் இருக்கிறது. போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், 1950 மே 9 அன்று, பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ரொபேர் ஷூமன் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பிரெஞ்சு அரசின் திட்டத்துறைத் தலைவர் ழான் மொனே தயாரித்துக் கொடுத்த திட்டம் அது. பிரான்சும் ஜெர்மனியும் எடுக்கும் நிலக்கரி, வார்க்கும் எஃகு ஆகிய இரண்டையும் ஒரு பொது ஆணையத்தின் பொறுப்பில் வைப்போம், விரும்பும் பிற நாடுகளும் சேரலாம் என்பதே அதன் சாரம். நிலக்கரியும் எஃகும் இல்லாமல் அன்று பீரங்கி செய்ய முடியாது; ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கின் கரியையும் பிரான்சின் லொரேன் பகுதியின் இரும்புத் தாதுவையும் யார் ஆள்வது என்பதே மூன்று தலைமுறைகளாக நீடித்த பகையின் மையமாக இருந்தது. இரு நாட்டு மக்களுக்கும் இடையே அன்பு மலர்ந்துவிட்டது என்று ஷூமன் கருதவில்லை. அன்பு மலரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றே கருதினார். ஒருவர் அறியாமல் மற்றவர் ஆயுதம் செய்ய இயலாத ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டால், நம்பிக்கை அதன்பின் மெல்ல வளரும் என்று அவர் எண்ணினார்.

இந்த எண்ணம் எத்தகையவர்களுக்குத் தோன்றியது என்பதும் கவனிக்கத்தக்கது. ஷூமன் லக்சம்பர்க்கில் ஜெர்மானியக் குடிமகனாகப் பிறந்து, ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் சட்டம் பயின்று, முதல் போருக்குப் பின்னரே பிரெஞ்சுக் குடிமகனானவர். இத்தாலியின் பிரதமர் அல்சீடே டி காஸ்பரி ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசில் பிறந்து வியன்னா நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். மேற்கு ஜெர்மனியின் ஆட்சித்தலைவர் கொன்ராட் அடினோவர், பிரான்சை ஒட்டிய ரைன் ஆற்றுப் பகுதியான ரைன்லாந்தைச் சேர்ந்தவர். கொலோன் நகர மேயராக இருந்தபோது நாஜிகளால் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர். மூவருக்கும் ஜெர்மன் மொழி தெரியும். எல்லைக்கோட்டின் வலியைத் தலைநகரத்து அரசியல்வாதியைவிட எல்லையோரத்தில் பிறந்தவர் நன்கு உணர்வார் என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

1951 ஏப்ரல் 18 அன்று பாரிஸில் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை, ஒன்பது பேர் கொண்ட உயர் ஆணையத்தை அமைத்தது. அந்த ஒன்பது பேரும் எந்த அரசிடமிருந்தும் கட்டளை கேட்கவும் கூடாது, பெறவும் கூடாது என்று உடன்படிக்கையே விதித்தது. நம் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவரை வைப்பார்கள். யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பது அவர் பொறுப்பு. எந்த ஒரு நிலக்காரருடைய ஏவலுக்கும் அவர் கட்டுப்பட்டவர் அல்லர். அவருக்குரிய நெல் எல்லா வயல்களிலிருந்தும் வரும். உயர் ஆணையத்துக்கும் அப்படியே சொந்த வருவாய் இருந்தது. எடுக்கும் கரிக்கும் வார்க்கும் எஃகுக்கும் அதன் மதிப்பில் ஒரு விழுக்காடு வரை தீர்வை வாங்கிக்கொள்ள அதற்கு அதிகாரம் உண்டு. சுரங்கம் மூடப்பட்டு வேலையிழந்த தொழிலாளர்களின் இடைக்கால உதவிக்கும் மறுபயிற்சிக்கும் அந்த நிதியிலிருந்து பணம் போயிற்று. பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்தில் 1956 ஆகஸ்ட் 8 அன்று தீப்பற்றி 262 பேர் மாண்டபோது, அவர்களில் 136 பேர் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியர்கள். அந்தப் பேரிடரை அடுத்து எல்லா உறுப்பு நாடுகளின் சுரங்கப் பாதுகாப்புக்கும் பொதுவான ஆணையம் ஒன்று ஏற்பட்டது. வணிகம் மட்டும் போதும் என்று கருதும் ஏற்பாட்டில் இப்படியொரு ஆணையத்துக்கு இடமே இருந்திருக்காது.

வழி நேராக அமைந்துவிடவில்லை. பொதுப் படை ஒன்றை அமைக்கும் உடன்படிக்கையை 1954இல் பிரெஞ்சு நாடாளுமன்றமே நிராகரித்தது. அதன்பின் பொருளாதாரத்தின் பக்கம் திரும்பி, 1957 மார்ச் 25 அன்று ரோமில் பொதுச் சந்தைக்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1965இல் பிரெஞ்சு அதிபர் டி கோல் தம் அமைச்சர்களை ஏழு மாதங்கள் கூட்டத்துக்கே அனுப்பாமல் வைத்திருந்தார். அப்படியும் 1968 ஜூலையில் ஆறு நாடுகளுக்கிடையே சுங்கவரிகள் அனைத்தும் நீங்கின. இவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. வரலாற்று நூல்களில் எளிதில் கிடைப்பவையே.

ஆனால் ஒரு சிறிய வழக்கைச் சொல்லாமல் நகர முடியாது. இத்தாலி 1962இல் மின்துறையை நாட்டுடைமையாக்கியது. மிலான் நகரத்து வழக்கறிஞர் ஃபிளாமினியோ கோஸ்டா அதை எதிர்த்து, தமக்கு வந்த 1,925 லீரா மின்கட்டணத்தைக் கட்ட மறுத்து, தம் நாட்டுச் சட்டம் ரோம் உடன்படிக்கைக்கு முரணானது என்று வழக்காடினார். சொற்பத் தொகை. 1964 ஜூலை 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், பொது உடன்படிக்கையின் சட்டமும் ஒரு நாட்டின் பிந்தைய சட்டமும் முரண்பட்டால் பொதுச் சட்டமே மேலோங்கும் என்று கூறியது. கோஸ்டாவின் கட்டணத் தகராறு அதனால் அவருக்குச் சாதகமாக முடிந்துவிடவில்லை. ஆனால் தனி மனிதர் ஒருவர் தம் மின்கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தம்முடைய அரசை ஆறு நாடுகளின் பொதுச் சட்டத்தின் முன் நிறுத்தலாம் என்பது அன்று நிலைபெற்றது. அரசுகள் கைகுலுக்கிப் படமெடுத்துக்கொள்ளும் கூட்டமைப்புக்கும் குடிமக்களுக்கு உரிமை தரும் ஒன்றியத்துக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

அப்படியொரு சட்டத்துக்கு எந்த அரசு பணியும்? நீதிமன்றம் சொன்னால் கேட்டுப் பழகிய அரசு, தேர்தலில் தோற்றால் இறங்கிப்போகும் அரசு, அதுவே பணியும். எனவேதான் இந்த ஒன்றியம் தொடக்கம் முதலே மக்களாட்சியை நுழைவாயிலாக வைத்தது. ஸ்பெயினில் ஃபிராங்கோவின் சர்வாதிகார அரசு 1962இல் விண்ணப்பித்தபோது அதற்கு வாசல் திறக்கப்படவில்லை. கிரேக்கத்தில் 1967இல் படைத்தளபதிகள் ஆட்சியைப் பறித்தபோது, அந்நாட்டுடன் முன்பே செய்திருந்த இணைப்பு உடன்படிக்கையின் பெரும்பகுதி முடக்கிவைக்கப்பட்டது. தளபதிகள் போனார்கள், 1981இல் கிரேக்கம் உள்ளே வந்தது. சர்வாதிகாரங்கள் ஒழிந்து தேர்தல்கள் நடந்தபின் 1986இல் ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் வந்தன. என்னுடன் வேலை பார்த்த போர்ச்சுக்கீசிய நண்பர் ஒருவர், அந்நாட்டுச் சர்வாதிகாரி சலாசாரின் காலத்தில் கட்டாயப் படைச்சேவைக்குத் தப்பி மலைவழியாக நடந்தே பிரான்சுக்கு வந்தவர். 1986 புத்தாண்டு இரவில் அஞ்சல் பைகளுக்கு நடுவே அவர் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். சந்தை கிடைத்துவிட்டது என்பதற்காகவா அந்த மகிழ்ச்சி? இனி என் ஊரில் அந்தப் பழைய ஆட்சி திரும்பாது என்று அவர் அன்றைக்குச் சொன்னார்.

உள்ளே வந்தபின் ஓர் அரசு நீதிமன்றத்தின் கையைக் கட்டத் தொடங்கினால் என்ன செய்வது என்பதில் ஒன்றியம் தடுமாறுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹங்கேரி மீது ஐரோப்பிய நாடாளுமன்றம் 2018இல் தொடங்கிய நடவடிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. வாக்குரிமையைப் பறிக்க வேண்டுமானால் மற்ற எல்லா நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும் என்ற விதியே அதற்கு முட்டுக்கட்டை. வாசலில் போட்ட காவலை வீட்டுக்குள்ளும் போட மறந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

குறைகள் இன்னும் உண்டு. பொது நாணயத்தை உண்டாக்கிவிட்டுப் பொதுக் கருவூலத்தை உண்டாக்காமல் விட்டதன் விலையை 2010க்குப் பின் கிரேக்கத்தின் ஓய்வூதியக்காரர்களும் வேலையற்ற இளைஞர்களும் கொடுத்தார்கள். என் மனத்தை உறுத்துவது வேறொன்று. 2005 மே 29 அன்று ஐரோப்பிய அரசமைப்பு குறித்துப் பிரான்சில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. நான் ஆம் என்று வாக்களித்தேன். என்னுடன் இரவில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இல்லை என்று வாக்களித்தார்கள். நாடு முழுவதிலும் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் அப்படியே வாக்களித்தனர். அந்த ஆவணத்தின் பெரும்பகுதியை 2007இல் லிஸ்பன் உடன்படிக்கை என்ற வேறு பெயரில் கொண்டுவந்து, இம்முறை மக்களைக் கேட்காமல் நாடாளுமன்றத்தின் வழியாகவே பிரெஞ்சு அரசு நிறைவேற்றிக்கொண்டது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். நான் விரும்பிய முடிவே வந்தது என்றபோதிலும், அது தவறு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். மக்களாட்சி நாடுகளின் ஒன்றியம் மக்களிடம் தோற்றால், மறுபடி மக்களிடமே போக வேண்டும்.

இனி பிரிட்டனுக்கு வருகிறேன். 2016 ஜூன் 23 அன்று 51.9 விழுக்காட்டினர் வெளியேற வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று அந்நாடு வெளியேறியது. ஒன்றியம் உடைந்துபோகும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார் கட்டுரையாளர். வாக்கெடுப்பு நடத்தி, கணக்குத் தீர்த்து, ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல் ஓர் உறுப்பு நாடு வெளியே போக முடிந்தது என்பது, இந்த ஒன்றியம் விருப்பத்தால் கட்டப்பட்டது என்பதற்கல்லவா சான்று? பிற 27 நாடுகளும் உள்ளேயே இருக்கின்றன. மேலும், அந்த விலகலில் எல்லாவற்றையும்விடச் சிக்கலாக நின்றது எது என்று அவர் சற்று நினைத்துப்பார்க்க வேண்டும். ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் பிரிட்டனோடு சேர்ந்த வட அயர்லாந்துக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது. முப்பது ஆண்டுகள் இரத்தம் சிந்திய அந்த மண்ணில் 1998ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பின் இராணுவக் கண்காணிப்புக் கோபுரங்கள் அகற்றப்பட்டன. இரு பக்கமும் ஒரே சந்தையில் இருந்ததால் சுங்கச் சாவடிக்கும் தேவையிருக்கவில்லை. பிரிட்டன் விலகியதும் அங்கே மறுபடி சாவடி எழுமோ என்ற அச்சம் வந்தது. அதைத் தவிர்ப்பதற்கான ஏற்பாடுகளைப் பேசி முடிக்க 2023ஆம் ஆண்டின் வின்ஸர் உடன்பாடு வரை ஆயிற்று. பல ஆண்டுகள் கண்ணுக்குப் புலப்படாமல் இருந்த நன்மை, அதை இழக்க நேர்ந்தபோதுதான் லண்டனுக்குப் புலப்பட்டது.

அதே அனுபவம் எங்கள் குடும்பத்துக்கும் 2020இல் ஏற்பட்டது. கொரோனாத் தொற்றை முன்னிட்டு மார்ச் 16 அன்று ஜெர்மனி பிரெஞ்சு எல்லையில் சோதனையைக் கொண்டுவந்தது. டிராம் ஆற்றைத் தாண்டவில்லை; கேலுக்கும் ஸ்திராஸ்பூருக்கும் இடையே இருக்கும் நடைபாலத்தில் தடுப்புக் கம்பிகளைக் கட்டினார்கள். வேலைக்குப் போகிறவள் என்ற சான்றைக் காட்டி என் மகள் பழைய சாலைப் பாலத்தைக் கடந்தாள். அதே பாலத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் கைக்குழந்தையாக இருந்த அவளைத் தூக்கிக்கொண்டு நான் வரிசையில் நின்றதைத் தொலைபேசியில் அவளிடம் சொன்னேன். அந்த வாரங்களிலேயே, கிழக்குப் பிரான்சின் மருத்துவமனைகளில் படுக்கை இல்லாமல் போனபோது, உயிருக்குப் போராடிய நோயாளிகளை ஹெலிகாப்டரில் ஏற்றி ஃபிரைபர்க், ஹைடல்பர்க் நகரங்களின் ஜெர்மானிய மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். பதறிப்போன அரசு எல்லையை மூடியது. அதே எல்லைக்கு மேலாக மருத்துவர்கள் நோயாளிகளைப் பரிமாறிக்கொண்டார்கள். ஜூன் நடுவில் தடுப்புகள் நீங்கின. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் மீண்டும் சோதனையைத் தொடங்கியிருக்கிறது என்பதும் உண்மை. அது எனக்குக் கவலை தருகிறது.

தென் ஆசியாவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தென் ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் தொடங்கியது. அன்று கையெழுத்திட்ட எழுவரை எண்ணிப் பாருங்கள். வங்கதேசத்தின் எர்ஷாத்தும் பாகிஸ்தானின் ஜியா உல் ஹக்கும் படைத்தளபதிகள். நேபாளத்துக்கும் பூடானுக்கும் மன்னர்கள் வந்தார்கள். மாலத்தீவில் அன்று எதிர்க்கட்சி என்ற ஒன்று இல்லை. பல கட்சிகள் போட்டியிட்ட தேர்தலின் வழியாக வந்தவர்கள் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் மட்டுமே. எல்லா முடிவும் ஒருமனதாகவே எடுக்கப்பட வேண்டும், இரு நாடுகளுக்கிடையிலான தகராறுகளும் சர்ச்சைக்குரிய விவகாரங்களும் பேசப்படலாகாது என்று அதன் சாசனம் பத்தாம் பிரிவில் சொல்கிறது. தகராறுக்கு உள்ளான பொருளையே எடுத்துப் பொதுவில் வைத்தவர் ஷூமன். தகராறைப் பேசாதிருப்பதையே விதியாக்கியது சார்க். 2014இல் காத்மாண்டில் நடந்ததற்குப் பின் தலைவர்களின் மாநாடு நடக்கவே இல்லை. தென் ஆசிய நாடுகளின் மொத்த வணிகத்தில் அவை தங்களுக்குள் செய்துகொள்வது ஏறத்தாழ ஐந்து விழுக்காடே. ஆகவே, அதிகாரத்தைப் பகிராமல் வணிகம் மட்டும் செய்தால் போதும் என்ற யோசனை நம் பகுதியில் ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. அதில் வணிகமும் வளரவில்லை.

இந்தியா மிகப் பெரிய நாடு, அதனால் ஒன்றியம் இங்கே பொருந்தாது என்பார்கள். எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட ஜெர்மனிக்கு ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 96 இடங்கள். ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேர் வாழும் மால்டாவுக்கு 6. பெரியவர் தம் கணக்கில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் சிறியவர் அஞ்சாமல் வந்து உட்காருவார் என்பதை ஜெர்மனி ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம்மிடத்திலும் சிறு தொடக்கங்கள் இருக்கின்றன. 2024 நவம்பரில் நேபாளத்தின் 40 மெகாவாட் நீர்மின்சாரம் இந்தியக் கம்பிகள் வழியே வங்கதேசத்துக்குப் போகத் தொடங்கியது. மூன்று நாடுகள் ஒரு பொருளில் ஒன்றையொன்று சார்ந்து நிற்கத் தொடங்கியிருக்கின்றன என்பதால், அளவில் சிறியதேனும் அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

நம் வாசலில் கிடப்பது பாக் நீரிணை. காரைக்கால், நாகப்பட்டினம், இராமேசுவரம் மீனவர்கள் ஒரு பக்கம். யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் மறுபக்கம். பேசுவது ஒரே மொழி. எங்கள் பக்கத்து விசைப்படகுகளின் இழுவைமடி கடலடியை வழித்துக்கொண்டு போவதால் அந்தப் பக்கத்து நாட்டுப்படகுக்காரர்களின் வலை அறுகிறது. அவர்கள் பிழைப்பும் போகிறது. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லை தாண்டிப் பிடிபட்டுச் சிறையில் கிடக்கிறார்கள்; வட்டிக்கு வாங்கிய படகு அங்கே கரையில் மட்கிப்போகிறது. இரு பக்கத்துக் கண்ணீரும் உண்மை. 2016இல் இரு அரசுகளும் அமைத்த கூட்டுப் பணிக்குழு கூடுகிறது, பேசுகிறது, கலைகிறது. அடுத்த வாரம் மறுபடி படகுகள் பிடிபடுகின்றன.

அந்த நீரிணையின் மீன்வளத்தை, எல்லைக்கோட்டைத் தொடாமலேயே, இரு நாடுகளும் சேர்ந்து அமைக்கும் ஓர் ஆணையத்தின் பொறுப்பில் வைக்கலாம். எத்தனை படகு, எந்த வலை, எந்த மாதம் என்று அது முடிவு செய்யட்டும். அந்த முடிவு இரு கரைக்கும் சட்டமாகட்டும். இழுவைப்படகை விட்டுவிடும் குடும்பத்துக்கு வேறு தொழில் அமையும்வரை, அன்று சுரங்கத் தொழிலாளிக்குக் கொடுத்ததுபோல, அந்த ஆணையத்தின் நிதியே உதவட்டும். இரு பக்கத்து மீனவர்களும் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர்கள் அதில் உட்காரட்டும். தேர்தல் நடத்தி ஆட்சியை மாற்றத் தெரிந்த நாடுகள்தாம் இரண்டும். 1950இல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே இருந்த பகையில் நூற்றில் ஒரு பங்குகூட நமக்குள் இல்லை.

2024 ஜூன் 9 அன்று புதுச்சேரிக்குச் சென்று ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்துவிட்டு வந்தேன். என் ஊர் மீனவர்களின் கடலை ஆள்வதற்கு அப்படியொரு வாக்குச்சீட்டு எங்கும் இல்லை என்ற எண்ணம் திரும்பி வரும் வழியெல்லாம் உடன் வந்தது. அந்தக் கூட்டுப் பணிக்குழு அடுத்த முறை கூடும்போது, தாங்கள் தங்கள் செய்தியாளரை அனுப்பி, இந்தக் குழு எடுக்கும் முடிவு எந்தத் தேதியிலிருந்து இரு நாடுகளையும் கட்டுப்படுத்தும் என்ற ஒரே கேள்வியை இரு நாட்டு அதிகாரிகளிடமும் கேட்டு, அவர்கள் தரும் விடையை அப்படியே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்கால்.